முதலில் நழுவ வேண்டியது

வளைவில் திரும்பும் எந்த வண்டியிலும் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிடக் கூடுதலான தொலைவைக் கடந்தாக வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பது வளைவு அகன்றதா, குறுகியதா என்பதைப் பொறுத்ததன்று. வண்டி எத்தனை பாகை திரும்புகிறது, இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம் என்ன என்ற இரண்டை மட்டுமே அது பொறுத்திருக்கிறது. உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டு மண்தடத்தில் ஓட்டப்படும் ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தயக் கார் ஒன்றில் பின்சக்கரங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 20 செ.மீ. இருக்கும், அந்தக் கார் கொண்டை ஊசி வளைவில் 180 பாகை திரும்பி வரும்போது அதன் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 63 செ.மீ. அதிகம் உருள்கிறது. பின்டயரின் சுற்றளவு 27 செ.மீ. அளவில் இருப்பதால், அந்த ஒரே வளைவுக்குள் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட இரண்டேகால் சுற்றுக்கும் சற்றே கூடுதலாகச் சுழன்று தீர வேண்டும். இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டிவிட்டால் இதற்கு வழியில்லாமல் போகிறது. ஏதேனும் ஒரு டயர் தரையில் உரசி இழுபடும், காரும் திரும்ப மறுத்து நேராகவே தள்ளிக்கொண்டு போகும்.

இந்த வேறுபாட்டுக்கு இடங்கொடுக்கும் உறுப்பே டிஃபரென்ஷியல். மோட்டாரிலிருந்து வரும் சுழற்சியை வாங்கி இரு சக்கரங்களுக்கும் பகிரும் அது, இரண்டின் வேகங்களின் சராசரியைத் தன் வேகத்துக்குச் சமமாக வைத்துக்கொண்டு, அந்த வரம்புக்குள் ஒன்று முந்தவும் மற்றது பிந்தவும் விட்டுவிடுகிறது. வேகத்தில் இவ்வளவு தாராளமான அது முறுக்குவிசையில், அதாவது ஒரு தண்டைத் திருப்பும் விசையின் அளவில், கறாரானது: இருபுறமும் சமமாகவே கொடுக்கும். சிக்கல் இங்கிருந்துதான் பிறக்கிறது. மேடு ஒன்றில் ஏறி ஒரு பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் அந்தச் சக்கரத்தைத் திருப்ப அநேகமாக எந்த விசையும் தேவைப்படாது. ஆகவே தரையில் ஊன்றியிருக்கும் மற்ற சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் போய்ச் சேரும். காற்றில் இருப்பது வீணே சுழல, கார் முன்னேற முடியாமல் தவிக்கும். முழுக்கப் பூட்டினால் கார் திரும்பாது, முழுக்க விட்டுவிட்டால் கார் நகராது என்னும் நிலையில், கொஞ்சம் தடுக்கிற, ஆனால் தடுத்து நிறுத்திவிடாத ஓர் இடைநிலை தேவைப்படுகிறது. அந்தத் தடையை எதைக்கொண்டு உண்டாக்குவது, எவ்வளவு வைப்பது, பந்தய நாள் முழுவதும் அது மாறாமல் எப்படிக் காப்பது என்பவைதான் டிஃபரென்ஷியல் கட்டுவதில் உள்ள கேள்விகள்.

ஆனால் டிஃபரென்ஷியலைத் தனியே எடுத்துப் பேசுவது பாதிப் பேச்சுதான். இத்தகைய காரில் மோட்டாரின் விசை நழுவக்கூடிய இடங்கள் மூன்று. டயர் தரையைத் தொடும் இடம் ஒன்று. டிஃபரென்ஷியலின் உட்புறம் இன்னொன்று. மோட்டாரின் சிறு பினியனோடு பல் கோத்துச் சுழலும் பெரிய பல்சக்கரத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் மூன்றாவது. ஓர் அளவுக்கு மேற்பட்ட விசை வந்தால் வழுக்கிக்கொடுப்பதற்கென்றே அமைக்கப்பட்ட உராய்வுப் பிடிப்பு என்று ஸ்லிப்பர் கிளட்சைச் சொல்லலாம். இம்மூன்றில் டயரின் நழுவல் தடத்தின் கையில் இருக்கிறது. கட்டுபவரின் கைக்கு எட்டுபவை மற்ற இரண்டும்தான். அவற்றுள் எது முதலில் நழுவ வேண்டும், எது எந்நிலையிலும் நழுவக்கூடாது என்ற வரிசையை அமைத்துக் கொடுப்பதே கட்டுபவரின் வேலை. பராமரிப்பு என்ற பெயரில் இரு பந்தயங்களுக்கு இடையே மேசையில் நடப்பதெல்லாம், தேய்மானம் கலைத்துவிட்ட அந்த வரிசையைத் திரும்ப நிலைநிறுத்துவதுதான்.

டிஃபரென்ஷியலுக்குப் பிரான்சில் 1820-களின் இறுதியில் காப்புரிமை பெற்ற ஓனெசிஃபோர் பெக்கேர் ஒரு கடிகாரத் தொழிலாளர். நீராவியால் ஓடும் வண்டிக்காக அவர் அதை அமைத்தார். நுண்ணிய பல்சக்கரங்களில் பழகிய கை பெரிய வண்டிக்கு அளித்த அந்த உறுப்பு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து மீண்டும் விரல்நுனி அளவுக்குச் சுருங்கியபோது பல்சக்கரங்களையே உதறிவிட்டது. பந்தயக் கார் எஞ்சின்களுக்குப் பெயர்பெற்ற காஸ்வொர்த் நிறுவனத்தில் விசைகடத்தும் உறுப்புகளின் பொறியாளராக இருந்த செசில் ஷூமாக்கர், 1980-ஐ ஒட்டி, ரேடியோ கார்களுக்கென்று குண்டுகளால் இயங்கும் டிஃபரென்ஷியலை உருவாக்கி, அதை அடித்தளமாகக் கொண்டு இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் நான்கு சக்கர இயக்கக் காரை ஓட்டித்தான் ஜப்பானின் மசாமி ஹிரோசாகா 1987இல் இங்கிலாந்தின் ராம்சியில் நடந்த உலகப் போட்டியில் வென்றார். அடுத்த கால்நூற்றாண்டுக்குப் பந்தயத் தரமுள்ள சிறு கார் என்றால் அதற்குள் குண்டு வகை டிஃபரென்ஷியல் இருக்கும் என்பது ஏறக்குறைய எழுதப்படாத விதியாக இருந்தது.

அதைப் பிரித்து வைத்துப் பார்ப்பது தகும். நடுவில் பிளாஸ்டிக்கால் ஆன ஒரு பல்சக்கரம். அதன் முகத்தில் வட்டமாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் 2.4 மி.மீ. விட்டமுள்ள ஒரு குண்டு, மொத்தம் பெரும்பாலும் 12 முதல் 16 வரை. சைக்கிள் கடைகளில் பால்ரஸ் குண்டு என்று கேட்டு வாங்கும் அதே இனம்தான், ஆனால் எஃகைவிடக் கடினமான டங்ஸ்டன் கார்பைடிலோ, அதைவிட இலேசான சிலிக்கன் நைட்ரைடு என்னும் பீங்கான் வகையிலோ செய்தது. சக்கரத்தின் தடிமனைவிடக் குண்டின் விட்டம் அதிகம் என்பதால் குண்டுகள் இருபுறமும் சிறிது புடைத்து நிற்கும். அந்தப் புடைப்புகளின்மேல் இருபுறமிருந்தும் கடினப்படுத்திய எஃகு வளையத் தகடு ஒவ்வொன்று அழுந்துகிறது. ஒவ்வொரு தகடும் ஒரு சக்கரத்துக்குச் செல்லும் வெளித்தண்டோடு பிணைந்தது. எல்லாவற்றையும் ஊடுருவிச் செல்லும் ஒரே ஒரு மெல்லிய திருகு, ஒரு ஸ்பிரிங்கின் துணையோடு, இரு தகடுகளையும் குண்டுகளை நோக்கி நெருக்குகிறது. கார் நேராக ஓடும்போது குண்டுகள் உருள்வதில்லை. துளைகளில் அகப்பட்டபடி இரு தகடுகளையும் உராய்வின் பிடியால் சமமாக இழுத்துச் செல்கின்றன. வளைவில் ஒரு தகடு முந்தத் தொடங்கியதும் ஒவ்வொரு குண்டும் இருந்த இடத்திலேயே உருண்டு, ஒரு பக்கம் முந்திய அளவுக்கு மறுபக்கத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பல்சக்கர வகையில் பற்கள் செய்யும் வேலையை இங்கே வெறும் தொடுபுள்ளிகள் செய்வதால், பற்களுக்கு இடையிலான சிறு ஆட்டமும், ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு மாறும்போது எழும் துடிப்பும் இதில் இல்லை. நன்றாகக் கட்டிய ஒன்றைக் கையில் வாங்கி இரு தண்டுகளையும் எதிரெதிராகத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு மறக்காது.

இந்தச் சிறு கூட்டுக்குள் இரண்டு வேறு கிரீஸ்கள் இடம்பெறுகின்றன. இத்தொழிலின் அறிவு முழுவதும் அந்த இரண்டின் வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். பெரிய குண்டுகளுக்கு இடுவது நிறமற்ற சிலிக்கோன் கிரீஸ். எஃகின்மேல் எஃகு உரசும் இடத்தில் சிலிக்கோன் ஒரு மோசமான மசகு என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிந்த குறை. இங்கே அந்தக் குறையே அதன் தகுதியாகிறது. குண்டு உருள வேண்டும், தேயாமல் இருக்க வேண்டும், துரு ஏறக்கூடாது. ஆனால் தகட்டின்மேல் வழுக்கவும் கூடாது. நல்ல மசகு ஒன்றை அங்கே இட்டால், எந்த உராய்வை நம்பி டிஃபரென்ஷியல் இயங்குகிறதோ அந்த உராய்வே கைவிட்டுப் போகும். இரண்டாவது கிரீஸ் கறுப்பு நிறமானது, மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்தது. அது போகுமிடம் த்ரஸ்ட் பேரிங், அதாவது தண்டின் நீளவாக்கில் வரும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே சுழலவிடும் பேரிங். வளைவில் இரு வெளித்தண்டுகளும் எதிரெதிராகத் திரும்பும்போது அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் திருகு ஒரு தண்டோடு மட்டுமே திரும்ப முடியும். மற்றத் தண்டுக்கும் திருகின் தலைக்கும் இடையே உராய்வு மிஞ்சியிருந்தால் ஒவ்வொரு வளைவும் திருகைச் சிறிது தளர்த்தும் அல்லது இறுக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த இடத்தில் இன்னும் சிறிய குண்டுகளைக் கொண்ட த்ரஸ்ட் பேரிங் இருக்கிறது. அங்கே உராய்வு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஒரே திருகின் பிடியில், சில மில்லிமீட்டர் இடைவெளியில், உராய்வைக் காக்கும் கிரீஸ் ஓரிடத்திலும் உராய்வை ஒழிக்கும் கிரீஸ் இன்னோரிடத்திலும் இருக்கின்றன. கறுப்பு கிரீஸ் பெரிய குண்டுகளின் இடத்துக்குக் கசிந்தால் அந்த டிஃபரென்ஷியல் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. புதிதாகக் கட்டுபவர்கள் திருகைக் குறைசொல்லும் பல சமயங்களில் உண்மைக் காரணம் விரலில் ஒட்டியிருந்த கறுப்பு கிரீஸ்தான்.

கட்டும் முறையில் அவசரத்துக்கு இடமில்லை. ஓடிய வளையத் தகடுகளில் குண்டுகள் உருண்ட தடம் மெல்லிய பள்ளமாகத் தெரியும். பள்ளம் விரல்நகத்தில் தட்டுப்படாத அளவில் இருந்தால் தகட்டைப் புரட்டிப் போட்டு மறுமுகத்தைப் பயன்படுத்தலாம், அல்லது கண்ணாடிப் பலகையின்மேல் நைஸான உப்புத்தாளை விரித்து, தகட்டை அதன்மேல் வட்டமாகத் தேய்த்து மினுக்கத்தை எடுக்கலாம். கண்ணாடி எதற்கு என்றால், மரப்பலகையின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம்கூடத் தகட்டைச் சமமற்றதாக்கிவிடும். அதன்பின் ஒரு சுற்றில் ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தளர்வுமாக டிஃபரென்ஷியல் மாறிமாறித் திரும்பும். தேய்த்தபின் ஒட்டியிருக்கும் துகள் முழுவதையும் கழுவித் துடைத்து, குண்டுகளைத் துளைகளில் இட்டு, சிலிக்கோன் கிரீஸை அளவாகத் தடவிக் கூட்டைச் சேர்க்கிறார்கள். திருகை ஒரே மூச்சில் இறுக்குவதில்லை. சற்றே முறுக்கி, தண்டுகளைப் பல சுற்று எதிரெதிராகத் திருப்பி, குண்டுகள் தங்கள் தடத்தைத் தேடிக்கொண்டபின் மறுபடி சற்றே முறுக்குகிறார்கள். ஸ்பிரிங் முழுக்கச் சுருங்கியதை விரல் உணர்ந்ததும் நிறுத்தி, அரைக்கால் சுற்று அளவுக்குத் திருகைப் பின்னுக்குத் திருப்புவது பரவலான வழக்கம். சைக்கிள் சக்கரத்தின் கோன் நட்டை இறுக்கும் கைக்கு இந்த நிலை பழக்கமானதே: ஆட்டம் நின்ற கணத்துக்கும் சுழற்சி கனக்கத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய வெளி உண்டு, வேலையெல்லாம் அதற்குள் நிற்பதுதான். புதிதாகக் கட்டியதை முதல் சில நிமிடம் மெதுவாக ஓட்டி, குண்டுகள் பதிந்தபின் இன்னொரு முறை திருகைச் சரிபார்க்காதவரை கட்டுமானம் முடிந்ததாகக் கொள்வதில்லை.

இந்த இறுக்கத்தின் பின்னாலுள்ள இயற்பியலைப் பொறுமையாக நோக்கினால் கை ஏன் இவ்வளவு நுட்பமாக உணர முடிகிறது என்பது விளங்குகிறது. மீள்தன்மையுள்ள இரு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் 1882இல் வெளியிட்ட ஆய்வு முதன்முதலாகக் கணக்கிட்டுக் காட்டியது. மின்காந்த அலைகளால் அவர் புகழடைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு செய்த வேலை அது. குண்டு தகட்டைத் தொடுவது புள்ளியில் என்று தோன்றினாலும், அழுத்தம் ஏறஏற அந்தப் புள்ளி சிறு வட்டமாக விரிகிறது. ஆகவே நெருக்கும் விசை எட்டு மடங்கானாலும் தொடும் இடத்தின் அழுத்தம் இரு மடங்காகத்தான் உயர்கிறது. உராய்வின் பிடியோ நெருக்கும் விசைக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடுகிறது. பிடி வேகமாகவும் சேதம் மெதுவாகவும் வளரும் இந்த ஏற்பாடுதான் குண்டு வகை டிஃபரென்ஷியலைச் சாத்தியமாக்குகிறது. முறுக்கும் கை எல்லை மீறினால் பெரும்பாலும் முதலில் கெடுவது குண்டோ தகடோ அன்று; மெல்லிய திருகும், அதைப் பிடித்திருக்கும் சிறு நட்டும், த்ரஸ்ட் பேரிங்கும்தான். திருப்பும்போது மணல் அரைபடுவதுபோல் விரலில் நெருடினால் அனுபவசாலிகள் முதலில் பிரித்துப் பார்ப்பது அந்தச் சிறு பேரிங்கைத்தான்.

இனி ஸ்லிப்பர் கிளட்ச். பெரிய பல்சக்கரம் தன் தண்டோடு நேரடியாகப் பூட்டப்படாமல், இரு உராய்வு அட்டைகளுக்கும் இரு உலோகத் தட்டுகளுக்கும் நடுவே வைக்கப்பட்டு, வெளியிலிருந்து ஒரு ஸ்பிரிங்கும் நைலான் பொதிந்த நட்டும் அந்தக் கட்டை நெருக்குகின்றன. நட்டை முறுக்கினால் நழுவத் தேவையான விசை கூடும், தளர்த்தினால் குறையும். அமைப்பு இவ்வளவு எளியது. அது தேவைப்படும் காரணம் எளியதன்று. இத்தகைய கார்களில் மோட்டார் ஏறத்தாழ ஒன்பது சுற்றுச் சுழன்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுழல்வதுபோல் பற்களின் விகிதம் அமைந்திருக்கும். சுழலும் பொருள் தன் வேகத்தை மாற்ற மறுக்கும் தன்மைக்கு இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். சக்கரத்தின் பக்கமிருந்து பார்த்தால் மோட்டாரின் சுழலிக்கு இருக்கும் நிலைமத் திருப்புத்திறன் அந்த விகிதத்தின் வர்க்க அளவுக்கு, அதாவது 81 மடங்காக, பெருகித் தெரிகிறது. கார் மேட்டிலிருந்து தாவும்போது ஓட்டுபவரின் விரல் தம் கையிலுள்ள ரேடியோ கருவியின் டிரிகரை விடாமல் இருந்தால் காற்றில் சக்கரங்கள் தரைக்குரிய வேகத்தைக் கடந்து சுழல்கின்றன. தரையிறங்கும் கணத்தில் டயர் மண்ணைக் கவ்வி உடனே மெதுவாக முயல, 81 மடங்கு பெருகிய அந்தச் சுழலி மெதுவாக மறுக்கிறது. நடுவில் அகப்பட்டுக்கொண்ட பற்களின்மேல் அந்தச் சண்டை முழுவதும் இறங்குகிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கார் அதன் உயரத்தைப்போல் பல மடங்கு உயரத்திலிருந்து விழும் தடங்களில் இது ஐந்து நிமிடப் பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை நிகழ்வது. ஸ்லிப்பர் அந்தக் கணத்தில் ஒரு சிறு கோணம் வழுக்கி, அதிர்ச்சியை வெப்பமாக்கி முடித்துவிடுகிறது.

பந்தயத்தின் தொடக்கத்திலும் அது உதவுகிறது. நின்ற நிலையிலிருந்து டிரிகரை முழுக்க அழுத்தும்போது முதல் 30 முதல் 60 செ.மீ. வரை ஸ்லிப்பர் மெல்லக் கீச்சிட்டு நழுவி, பின் பிடிக்க வேண்டும் என்பது மண்தடத்தில் பலரும் கொள்ளும் அளவு. பிடிமானம் மிகுந்த தடத்தில் அதைத் தளர்த்திவைத்தால் முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்வது குறையும்; புழுதித் தடத்தில் தளர்த்திவைத்தால் டயரின் பிடி பறிபோவது குறையும். ஆனால் அளவுக்கு மீறித் தளர்ந்த ஸ்லிப்பர் ஓயாமல் நழுவி வெப்பமேறும். அட்டைகள் கண்ணாடியாக மினுங்கி உராய்வை இழக்கும், பிளாஸ்டிக் பல்சக்கரம் நடுப்பகுதியில் இளகி உருக்குலையும். பந்தயத்தின் முதல் நிமிடத்தில் சரியாக இருந்த ஸ்லிப்பர் நான்காம் நிமிடத்தில் வேறொன்றாக இருப்பதற்கும் வெப்பமே காரணம். ஆகவே அட்டைகளை அவ்வப்போது கழற்றி, தூசியை ஊதி, மினுக்கத்தை உப்புத்தாளால் எடுத்து, தட்டுகளை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டியிருக்கிறது. நட்டின் நைலான் பலமுறை கழற்றி மாட்டியதால் தளர்ந்திருந்தால், ஓடும்போதே அது தானாகத் திரும்பி எல்லா அளவையும் பொய்யாக்கிவிடும். சில காசு விலையுள்ள அந்த நட்டை மாற்றத் தயங்குவதில் பொருளில்லை.

வரிசை என்று முன்னர்ச் சொன்னது இங்கேதான் கண்முன் வருகிறது. குண்டு வகை டிஃபரென்ஷியலைப் பிடித்திருப்பது உராய்வு. ஸ்லிப்பரைப் பிடித்திருப்பதும் உராய்வு. மோட்டாரின் விசை இரண்டின் வழியாகவும் போவதால் எதன் பிடி குறைவோ அதுவே முதலில் நழுவும். ஸ்லிப்பர் நழுவுவதற்கென்றே செய்யப்பட்டது, அதன் அட்டைகள் தேய்வதற்கென்றே இருப்பவை. டிஃபரென்ஷியலின் குண்டுகள் உருள்வதற்கு மட்டுமே உரியவை. அவை தகட்டின்மேல் சறுக்கினால் சில நொடிகளிலேயே குண்டில் தட்டையான முகமும் தகட்டில் கீறலும் விழும், கார் வேகமெடுக்கும்போது கர்ரென்று ஒரு குரைப்பொலி கேட்கும், அந்த ஒலி ஒருமுறை கேட்டபின் இறுக்குவதால் பழைய வழவழப்பு திரும்புவதில்லை. எனவே ஸ்லிப்பரின் பிடி எப்போதும் டிஃபரென்ஷியலின் பிடியைவிடக் குறைவாகவே இருந்தாக வேண்டும். சோதிக்கும் முறை கருவி வேண்டாதது. இரு பின்சக்கரங்களையும் அசையாமல் பிடித்துக்கொண்டு பெரிய பல்சக்கரத்தைக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ள வேண்டும். பல்சக்கரம் தன் தண்டை விட்டுவிட்டுத் தான் மட்டும் வழுக்கினால் வரிசை சரி. தண்டும் சேர்ந்து திரும்பினால், சக்கரங்கள் நின்றிருக்கத் தண்டு திரும்புவதற்கு இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது குண்டுகளுக்கும் தகடுகளுக்கும் நடுவே. உடனே ஸ்லிப்பரைத் தளர்த்த வேண்டும், அல்லது டிஃபரென்ஷியலைப் பிரிக்க வேண்டும். டிஃபரென்ஷியலின் திருகைக் காரின் குணத்தை மாற்றும் கருவியாகக் கொண்டு, வளைவில் கார் எப்படித் திரும்புகிறது என்பதற்கேற்ப இறுக்கியும் தளர்த்தியும் பார்ப்பவர்கள் உண்டு. அது தவறான பொருளாதாரம் என்றே தோன்றுகிறது: தளர்த்திக் கிடைக்கும் சிறு லாபத்துக்கு வரிசை தலைகீழாகும் ஆபத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிரஷ் இல்லாத மோட்டார்களும் லித்தியம் பாலிமர் பேட்டரிகளும் வந்து விசையைப் பன்மடங்காக்கியபின், அதோடு மண்ணுக்குப் பதில் கம்பளமும் செயற்கைப் புல்லும் விரித்த தடங்கள் பெருகியபின், உராய்வை மட்டும் நம்பிய குண்டுகள் பல வகுப்புகளில் இடத்தை இழந்தன. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து சாலை வகை ரேடியோ கார்களிலும், அதைத் தொடர்ந்து மண்தடக் கார்களிலும் பல்சக்கர வகை டிஃபரென்ஷியல் பரவியது. பெக்கேரின் அமைப்புக்கே திரும்பியதுதான் இது, ஒரு வேறுபாட்டோடு: மூடிய கூட்டுக்குள் இரு பெரிய சாய்பல் சக்கரங்களும் அவற்றோடு கோத்த சிறு சக்கரங்களும் சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன, தடையை உண்டாக்குவது அந்த எண்ணெயின் பாகுநிலை. பாகுநிலையை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். நீருக்கு அது ஏறத்தாழ 1. எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நான்கு சக்கர இயக்கக் கார்களில் முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பகிர நடுவே ஒன்று என மூன்று டிஃபரென்ஷியல்கள் இருக்கும். முன்னே 5,000 அல்லது 7,000, நடுவே 7,000, பின்னே 3,000 என்று தொடங்குவது வழக்கம். நடுவில் எண்ணெய் மெலிதாக இருந்தால், வேகமெடுக்கும்போது பாரம் குறைந்த முன்சக்கரங்கள் விசையை உறிஞ்சி வீணே சுழலும். தடித்திருந்தால் பின்சக்கரங்களுக்குப் போதிய விசை போய்ச் சேரும். எண்ணெயின் தடை இரு சக்கரங்களின் வேக வேறுபாடு கூடக்கூட வளர்வது. குண்டுகளின் தடை வேறுபாடு எவ்வளவானாலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பது. ஆகவே இரண்டும் ஒரே காரை இரு வேறு காராக்குகின்றன, ஒன்றின் அளவை மற்றதன் அளவுக்கு மாற்றிச் சொல்ல வழியில்லை.

எண் வந்ததும் பேச்சின் தன்மையே மாறிவிட்டது. முன்பு ஒருவர் தம் டிஃபரென்ஷியலின் இறுக்கத்தை மற்றவருக்குச் சொல்ல வேண்டுமானால் அதைக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்வதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. இப்போது 5,000 என்று சொன்னால் போதுமானதாகத் தோன்றுகிறது. ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றிய நூலில், நட்டை முறுக்கும் கை விரல் இறுக்கம், பொருந்திய இறுக்கம், முழு இறுக்கம் என்ற நிலைகளை உலோகத்துக்கு உலோகம் பிரித்தறிகிறது என்றும், அந்த அறிவு பொருளின் மீள்தன்மையைப் பற்றிய ஆழ்ந்த உணர்விலிருந்து வருகிறது என்றும் விளக்குகிறார். குண்டு வகை டிஃபரென்ஷியல் அந்த உணர்வை இளையவர்களுக்குக் கற்பித்த ஒரு மலிவான, சிறந்த பள்ளி. அது மறைவதில் இழப்பு உண்டு. ஆனால் எண் கையை விடுவித்துவிட்டது என்பது முழு உண்மையும் ஆகாது. ஒரே எண் அச்சிட்ட எண்ணெய் இரு நிறுவனங்களிடம் இரு விதமாக இருப்பதைப் பந்தயக்காரர்கள் அறிவார்கள். கூட்டில் எண்ணெய் எவ்வளவு நிரம்பியது என்பதைப் பொறுத்தும் தடை மாறும் என்பதால், சிறு சக்கரங்களைத் தாங்கும் குறுக்கு ஊசிகள் மூழ்கும் மட்டம் வரை ஊற்றி, எடைத் தராசில் வைத்து, சென்ற முறை குறித்துவைத்த எடையோடு ஒப்பிடுகிறார்கள். தடித்த எண்ணெயில் சிக்கிய காற்றுக்குமிழிகள் மேலேறி உடையும்வரை மூடியைப் போடாமல் காத்திருக்கிறார்கள். மூடியின் திருகுகளைக் குறுக்காக மாற்றிமாற்றி இறுக்குகிறார்கள். ஒரு பக்கம் முந்தினால் காகிதக் காஸ்கெட் நெளிந்து எண்ணெய் கசியும். தண்டைச் சுற்றிய ஓ-ரிங் வறண்டிருந்தால் அதன் பிடிப்பே எண்ணெயின் எண்ணைப் பொய்யாக்கும்; பற்களின் பின்னால் வைக்கும் ஷிம், அதாவது தாள்போல் மெல்லிய வாஷர், ஒன்று கூடினாலும் அப்படியே. மூடியபின் தண்டுகளைத் திருப்பிப் பார்த்துத் தலையசைப்பது விரல்தான். சில பந்தய நாள்களுக்குப்பின் திறந்தால், தெளிவாக ஊற்றிய எண்ணெய் தேய்ந்த உலோகத்தால் சாம்பல் நிறமாகியிருக்கும். அந்த நிறத்தின் ஆழத்தைப் பார்த்து உள்ளே ஷிம் சரியாக உட்கார்ந்ததா என்று ஊகிப்பவர்களும் உண்டு.

பிடிமானம் மிகமிக உயர்ந்த கம்பளத் தடங்களில் இப்போது பலர் ஸ்லிப்பரையே கழற்றிவிட்டு, பெரிய பல்சக்கரத்தைத் தண்டோடு நேராகப் பூட்டும் ஓர் இணைப்பை மாட்டுகிறார்கள். எடை குறைகிறது, சுழலும் பாரம் குறைகிறது, வெப்பத்தால் மாறும் ஓர் உறுப்பு காரிலிருந்து நீங்குகிறது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து தரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில், முதல் கணத்தின் உந்துதலை மென்மையாக்கும்படி அமைத்து, தொடக்க நழுவலின் வேலையை மின்னணுவியலிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். புறப்படும் கணத்தைப் பொறுத்தவரை அது சரியான வாதமே. தரையிறங்கும் கணத்தைப் பொறுத்தவரை அது போதாது, ஏனெனில் அங்கே சண்டை மின்சாரத்தோடன்று, ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் சுழலியோடு. அந்த அதிர்ச்சி இப்போது பற்களுக்கும், சக்கரத் தண்டுகளின் முனையிலுள்ள ஊசிகளுக்கும், டிஃபரென்ஷியலின் கூட்டுக்கும் நேராகப் போகிறது. வரிசையில் முதலிடத்தில் இருந்ததை எடுத்துவிட்டால் அடுத்தது முதலிடத்துக்கு வருகிறது, அது நழுவுவதற்கென்று செய்யப்பட்டதாக இல்லாவிட்டாலும். எனவே ஸ்லிப்பரைக் கழற்றியவர்களுள் கவனமானவர்கள் டிஃபரென்ஷியலைத் திறக்கும் இடைவெளியைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். திறந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது எண்ணெயை அன்று, குறுக்கு ஊசிகள் உட்காரும் பிளாஸ்டிக் பள்ளங்கள் வட்டமாகவே இருக்கின்றனவா, நீள்வட்டமாகத் தேயத் தொடங்கிவிட்டனவா என்பதை.